நீருக்கு வழி எங்கே? சுரங்கக் குளங்களின் கரையும் கலிங்கும்



இன்றைய சொற்பொழிவின் பொருள் சுரங்கக் குளங்களின் பாதுகாப்பு. அதிலும் சிறப்பாக, அக்குளங்களின் கரையைக் காக்கும் கலிங்கின் வடிவமைப்பு. ஒரு குளம் கொள்ளும் அளவை மிஞ்சி வரும் நீரைக் கரைக்குத் தீங்கில்லாமல் வெளியேற்றுவதற்காகக் கரையை விடத் தாழ்வாகக் கல்லால் கட்டப்படும் வழிந்தோடியே கலிங்கு எனப்படும். அதன் வழியே நீர் வழிவதை நெல்லைச் சீமையில் மறுகால் பாய்தல் என்பர். மறுகால்தலை, மறுகால்குறிச்சி என்று ஊர்களுக்கே அச்சொல்லைச் சூட்டிய மண் இது. அந்த மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த ஒரு கேள்வியைத்தான் இவ்வுரை தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப எழுப்பப்போகிறது. நீருக்கு வழி எங்கே?

பெருஞ்சுரங்கம் எதுவும் இல்லாத தூத்துக்குடியில் சுரங்கக் குளத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் இத்துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளை நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் தீரும். இங்கே இறங்கும் நிலக்கரி ஏதோ ஒரு சுரங்கத்திலிருந்து வருகிறது. 2018ஆம் ஆண்டு வரை இங்கே இறங்கிய செறிவூட்டிய தாமிரத் தாதுவும் கடல் கடந்த சுரங்கங்களிலிருந்து வந்ததே. அச்சுரங்கங்கள் பலவற்றில் வெட்டியெடுக்கப்படும் கல்லில் தாமிரம் நூற்றில் ஒரு பங்கு கூட இராது; கப்பலேறும் தாதுவிலோ நூற்றில் இருபத்தைந்து முதல் முப்பது பங்கு இருக்கும். அப்படியானால் ஒரு டன் தாது கப்பலேறுவதற்குக் குறைந்தது இருபத்தைந்து டன் கல்லாவது மாவாக அரைபட்டிருக்க வேண்டும். எஞ்சிய இருபத்துநான்கு டன் மாவு எங்கே போயிற்று? அது நீரோடு கலந்த சேறாக, சுரங்கத்தின் அருகிலேயே ஒரு கரைக்குப் பின்னால் தேக்கப்பட்டிருக்கிறது. டெய்லிங்ஸ் என்று சுரங்கத் தொழிலில் அழைக்கப்படும் அந்தக் கழிவுச் சேற்றைத் தாங்கும் குளமே சுரங்கக் குளம்.

அதன் உடன்பிறப்பு இந்த நகரின் கடற்கரையிலேயே இருக்கிறது. 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகளோடு மொத்தம் 1,050 மெகாவாட் திறனில் அமைந்த தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரி சாம்பலாகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பலின் பங்கு நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து வரை இருக்கும். அந்தச் சாம்பல் நீரோடு குழம்பாகக் கலக்கப்பட்டுக் குழாய் வழியே குளத்தில் விடப்படும்போது, அக்குளம் தன்மையில் சுரங்கக் குளமாகவே ஆகிவிடுகிறது. பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது எஞ்சும் ஜிப்சம் மேடுகளுக்கும் இது பொருந்தும். ஆகவே சுரங்கம் எங்கோ இருந்தாலும் அதன் கழிவு இங்கும் தேங்குகிறது. கழிவு தேங்கும் இடத்தில் கரை இருக்கிறது. கரை இருக்கும் இடத்தில் அந்தக் கேள்வியும் இருக்கிறது. நீருக்கு வழி எங்கே?

பாசனக் குளத்தை அறிந்தவர் சுரங்கக் குளத்தைப் பார்த்து, இதுவும் ஒரு குளந்தானே என்று எண்ணிவிடலாகாது. இரண்டுக்கும் இடையே மூன்று பெரிய வேறுபாடுகள் உண்டு. பாசனக் குளம் நீரைத் தேக்குகிறது. சுரங்கக் குளமோ நீரைத் தாங்கிய சேற்றைத் தேக்குவதால், அது உடையும்போது நீரை விடக் கனத்த குழம்பு வெளியேறித் தன் வழியில் உள்ள அனைத்தையும் புதைத்துவிடுகிறது. பாசனக் குளத்தின் கரை ஒரே முறையில் கட்டி முடிக்கப்படுகிறது. சுரங்கக் குளத்தின் கரையோ சேறு நிரம்ப நிரம்ப ஆண்டுக்காண்டு உயர்த்தப்படுவதால், அது எப்போதும் கட்டுமானத்தில் இருக்கும் கரை. மூன்றாவது வேறுபாடே மிகப் பெரியது. பாசனக் குளம் கோடையில் வற்றிவிடும், பயன் தீர்ந்தால் கைவிடவும் படும்; சுரங்கக் குளத்துக்கு ஓய்வும் இல்லை, முடிவும் இல்லை. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகக் குருதியும் வியர்வையும் சிந்திய கோலார் தங்கவயல் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பொன் போய்விட்டது, நிறுவனத்தின் ஊதியம் போய்விட்டது, சயனைடு மேடுகள் என்று அவ்வூரார் அழைக்கும் கழிவுக் குன்றுகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன. குதிரேமுக்கில் 2005ஆம் ஆண்டின் இறுதியில் இரும்புத் தாது எடுப்பது நின்றது. ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள லக்கியா அணை கழிவுச் சேற்றைச் சுமந்தபடி இன்றும் மழையில் நனைகிறது. சுரங்கத்துக்கு ஆயுள் உண்டு. சுரங்கக் குளத்துக்கு ஆயுள் ஏது?

கரை எப்படி உடைகிறது? கரை உடைவதற்கு நூறு காரணங்கள் சொல்லப்பட்டாலும், அவை அனைத்தையும் மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். நீர் கரையின் தலைக்கு மேலே ஏறி வழிந்து, வழிந்த இடத்தை அரித்து, அரித்த பள்ளத்தை ஆழப்படுத்தி, சில மணி நேரத்தில் கரையையே இரண்டாகப் பிளப்பது முதல் வகை. கரையின் உடலுக்குள்ளும் அடித்தளத்திலும் கசியும் நீர் மண்துகளைச் சிறிது சிறிதாகக் கடத்திக்கொண்டு போய், எலி வளை போன்ற குழல்களை உண்டாக்கி, உள்ளிருந்தே கரையைப் பொக்கையாக்குவது இரண்டாம் வகை. கரையின் சரிவு தன் எடையைத் தாங்க மாட்டாமல் வழுகி விழுவது மூன்றாம் வகை. நீரில் ஊறிய நுண்மணல் ஓர் அதிர்ச்சியால் தன் பிடிப்பை ஒருசேர இழந்து, திடப்பொருளாக இருந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் திரவம்போல ஓடத் தொடங்கும் கொடுமையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

முதல் வகையில் நீர் மேலே வழிகிறது; இரண்டாம் வகையில் நீர் உள்ளே கசிகிறது; மூன்றாம் வகையில் நீர் மண்ணுக்குள் ஊறி நிற்கிறது. மூன்றிலும் பகை ஒன்றுதான். பிரேசில் நாட்டின் புருமாதின்யோ நகருக்கு அருகே, 86 மீட்டர் உயரமிருந்த சுரங்கக் கழிவு அணை 2019ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் சில நொடிகளில் இடிந்து, 270 பேரின் உயிரைக் குடித்தபோது, அதில் சேறு விடுவது நின்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கரையின் உள்ளே நீர் வடிவதற்குப் போதிய வடிகால் இல்லாமையும், அதனால் உள்நீர் மட்டம் உயர்ந்து நின்றமையும் அந்த அழிவின் காரணங்களுள் முதன்மையானவை என்று ஆராய்ந்த வல்லுநர் குழு கண்டது. வெளியே பார்த்தவர்களுக்குப் புல் முளைத்த அமைதியான மேடு. உள்ளேயோ வெளியேற வழியில்லாமல் நின்ற நீர்.

கலிங்கின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சிகள் இன்னும் நேரடியானவை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பஃபலோ கிரீக் என்னும் ஓடையின் தலைப்பில், நிலக்கரிக் கழிவையே கொட்டிக் குவித்துக் கட்டிய அணை ஒன்று இருந்தது. அத்தனை பெரிய தேக்கத்துக்கு மிகைநீர் வெளியேற இருந்த வழி 24 அங்குல விட்டமுள்ள ஒரே ஒரு குழாய். 1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடர்ந்து பெய்த மழையில் நீர்மட்டம் கரையின் தலையை எட்ட, 26ஆம் நாள் காலையில் அணை சரிந்தது; ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர் கரிநீர் ஓடைப் பள்ளத்தாக்கில் வரிசையாக இருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் பாய்ந்து 125 பேரைக் கொன்றது. தென் ஆப்பிரிக்காவின் மெர்ரிஸ்புருட் என்னும் சுரங்கக் குடியிருப்பில் 1994ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் மாலை பெய்தது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மழை மட்டுமே. ஆனால் 31 மீட்டர் உயரமுள்ள தங்கச் சுரங்கக் கழிவு மேட்டின் உச்சியில் நீருக்கும் கரைத் தலைக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி முன்பே தின்னப்பட்டிருந்ததால், அந்த மழையே போதுமானதாயிற்று. ஏறத்தாழ 6 லட்சம் கன மீட்டர் சேறு ஊருக்குள் புகுந்து 17 பேரைப் புதைத்தது. ஐந்து சென்டிமீட்டர் மழை! தூத்துக்குடியில் ஐப்பசி மாதத்து மாலைப் பொழுதொன்றில் பெய்துவிடக்கூடிய மழை அது. கொன்றது மழையா? மழைக்கு இடம் விடாத கரையல்லவா!

நீருக்கும் கரைத் தலைக்கும் இடையே விடப்படும் அந்த இடைவெளியைப் பொறியாளர்கள் ஃப்ரீபோர்டு என்பர். தமிழில் காப்புயரம் எனலாம். மழையால் மட்டம் உயர்வதற்கும், காற்றால் அலை எழுவதற்கும், கரை தன் எடையால் சற்றே தாழ்வதற்கும் சேர்த்து ஒதுக்கி வைத்த இடம் அது. அதைச் சேற்றால் நிரப்புகிறவர் நாளைய மழையின் இடத்தை இன்றைய கழிவுக்கு விற்றுவிடுகிறார்.

இங்கே ஓர் இக்கட்டு எழுகிறது. சுரங்கக் குளத்தின் கலிங்கைப் பற்றிய சிந்தனையில் மிகக் கடினமான முடிச்சு இதுவே. பாசனக் குளத்தின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த குளத்துக்கு வாழ்வு. மேல்குளத்தின் மறுகால் கீழ்க்குளத்தின் வரத்து என்பது தாமிரபரணிப் பாசனத்தின் இலக்கணம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகால் வழிவழியாகக் குளங்களை நிரப்பிக் கோரம்பள்ளம் குளத்தில் வந்து சேர, அங்கிருந்து 24 கண் மதகின் வழியே உப்பாற்று ஓடையில் இறங்கும் மிகைநீர் கடலைத் தொடுவதை இந்நகரத்தார் அறிவர். சுரங்கக் குளத்தின் நீரோ அமிலமும் கன உலோகமும் கலந்த நீராக இருக்கக்கூடும். அதை மறுகால் பாய விட்டால் கீழே உள்ள கிணறும் வயலும் கழிமுகமும் கெடும். விட்டால் நஞ்சு, விடாவிட்டால் உடைப்பு. இந்த இருதலைக்கொள்ளியிலிருந்து தப்ப, ஒரு சொட்டு நீரும் வெளியே விடாத குளம் என்று சொல்லிக் கலிங்கே இல்லாமல் கட்டுவோர் உண்டு.

அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும்? ருமேனியா நாட்டின் பயா மாரே நகரில் தங்கம் பிரிக்கும் ஆலையின் கழிவுக் குளம் அவ்வாறுதான் அமைக்கப்பட்டது. நீர் ஆலைக்கும் குளத்துக்கும் இடையே சுற்றிச் சுற்றி வரும், வெளியே போகாது என்பது அதன் கணக்கு. 2000ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், பனி உருகிய நீரும் மழை நீரும் ஒருசேர வந்தபோது, அந்தக் கணக்கில் இடம்பெறாத நீருக்குக் குளத்தில் இடமும் இல்லை, வெளியேற வழியும் இல்லை; கரை உடைந்து, சயனைடு கலந்த ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் நீர் ஆறுகளில் இறங்கி, திசா ஆற்றின் மீன்களை அழித்து, தன்யூப் வரை சென்றது. வழியே வைக்காத குளத்தில் நீர் தானே வழி உண்டாக்கிக்கொண்டது. கலிங்கைக் கட்டாமல் விடலாம். வெள்ளத்தை வராமல் தடுக்க யாரால் முடியும்?

ஆகவே அறிவுடைய வடிவமைப்பு இந்த முடிச்சை நான்கு படிகளில் அவிழ்க்கிறது. மேட்டு நிலத்திலிருந்து வரும் தூய மழைநீர் குளத்துக்குள் இறங்காதபடி சுற்றிலும் விலக்கு வாய்க்கால் வெட்டிப் புறத்தே திருப்பிவிடுவது முதற்படி. சேறு படிந்தபின் மேலே தெளியும் நீரை அன்றாடம் வடித்தெடுத்து, சுத்திகரித்து, ஆலைக்கே திருப்பி அனுப்பிக் குளத்தில் நிற்கும் நீரை எப்போதும் குறைவாக வைத்திருப்பது இரண்டாம் படி. பாண்டிய நாட்டுக் குளங்களில் தெளிநீருக்கு நீரோடித் துளையும் சேற்றுக்குச் சேறோடித் துளையும் வைத்து அமைத்த குமிழித் தூம்பு, நீரையும் சேற்றையும் வேறு பிரித்துக் கையாளும் அந்த அறிவை முன்பே கொண்டிருந்தது. பெருமழை ஒன்று முழுவதுமாகப் பெய்தாலும் வெளியே வழியாமல் தாங்கும் வெற்றிடத்தை ஆண்டு முழுவதும் காலியாக வைத்திருப்பது மூன்றாம் படி. இவை அனைத்தையும் மிஞ்சி வரும் வெள்ளத்துக்கு மட்டும், கரையைத் தொடாமல், இயன்றவரை இயற்கைப் பாறையில் வெட்டிய அவசரக் கலிங்கு அமைப்பது நான்காம் படி. அந்த நிலையில் கலிங்கின் வழியே போகும் நீர், மாபெரும் வெள்ளத்தால் நீர்த்துப்போன நீராக இருக்கும். அது சிறிது தீங்கு செய்யலாம், ஆனால் சேறு முழுவதும் ஊர்மேல் சரியும் பேரழிவைத் தடுத்துவிடும்.

இனி, எவ்வளவு வெள்ளத்துக்குக் கலிங்கு கட்டுவது? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 11223 என்னும் 1985ஆம் ஆண்டு நெறிமுறை இதற்கு விடை கூறுகிறது. நீர் நிற்கும் உயரத்தையும் கொள்ளளவையும் கொண்டு அணைகளை மூன்றாக வகுத்து, 7.5 முதல் 12 மீட்டர் வரையுள்ள சிறிய அணைக்கு நூறாண்டு வெள்ளத்தையும், 30 மீட்டர் வரையுள்ள இடைநிலை அணைக்குத் தரத்திட்ட வெள்ளம் எனப்படும் பெருவெள்ளத்தையும், அதற்கு மேற்பட்ட பெரிய அணைக்கு நிகழத்தக்க உச்ச வெள்ளத்தையும் அது விதிக்கிறது. கீழே வாழும் மக்களுக்கு ஆபத்து மிகுதியாயின் இதை விடப் பெரிய வெள்ளத்தைக் கொள்ளலாம் என்றும் அது இடம் தருகிறது.

நூறாண்டு வெள்ளம் என்ற தொடர் பலரை ஏமாற்றிவிடுகிறது. நூறாண்டுக்கு ஒருமுறை வருவது, எனவே இந்தத் தலைமுறைக்குக் கவலையில்லை என்று எண்ணத் தூண்டுகிறது. அதன் உண்மைப் பொருள் ஒவ்வோர் ஆண்டும் அது நிகழ நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே. அந்த வாய்ப்பு ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். முப்பதாண்டு இயங்கும் குளத்தில் ஒருமுறையேனும் அவ்வெள்ளம் வர நூற்றில் இருபத்தாறு வாய்ப்பு. நூறாண்டு நிற்கும் குளத்தில் நூற்றில் அறுபத்துமூன்று வாய்ப்பு. என்றென்றும் நிற்கப்போகும் குளத்தில்? அங்கே அது வருமா என்ற கேள்விக்கே இடமில்லை; என்று வரும் என்பதே கேள்வி. 2020ஆம் ஆண்டில் வெளியான சுரங்கக் கழிவுக் குள மேலாண்மைக்கான உலகத் தொழில்தரம், மிகுந்த உயிரிழப்பு நேரக்கூடிய குளங்களுக்குப் பத்தாயிரம் ஆண்டு வெள்ளத்தை அளவாக வைத்தது இந்த எண்ணத்தால்தான்.

பத்தாயிரம் ஆண்டு வெள்ளம் என்பது ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட எண்ணுவோர் காயல்பட்டினத்தை நினைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே பெய்தது 95 சென்டிமீட்டர்; திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓராண்டு முழுவதும் இம்மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையை விஞ்சிய மழை ஒரே நாளில் ஓரூரில் கொட்டியது. குளங்கள் பல உடைந்தன. கோரம்பள்ளம் குளமும் உடைந்து நகருக்குள் வெள்ளம் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். அந்த நாளுக்கு முன் எந்தக் கணக்குப் புத்தகத்தில் இந்த எண் இருந்தது?

அந்த எண்ணை ஒரு குளத்தின் மேல் வைத்துப் பார்த்தல் பயன் தரும். சுற்றிலும் கரை எழுப்பிய, ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குளம் ஒன்றைக் கொள்க. அதன்மேல் நேரே விழும் 95 சென்டிமீட்டர் மழை மட்டும் 9 லட்சத்து 50 ஆயிரம் கன மீட்டர். வெளியிலிருந்து ஒரு துளியும் வராவிட்டாலும் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரும். ஒரு மீட்டர் காப்புயரம் விட்டிருந்த கரையில் அலைக்கு மிஞ்சுவது ஐந்து சென்டிமீட்டர். சுற்றியுள்ள மூன்று சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீரும் குளத்துக்குள் இறங்குமாயின் மட்டம் 3.8 மீட்டர் உயர முனையும். எந்தக் கரை அதைத் தாங்கும்? விலக்கு வாய்க்கால் ஏன் முதற்படியாயிற்று என்பது இப்போது விளங்கும்.

கலிங்கின் கணக்கும் எளியதே. கலிங்கின் மேல் வழியும் நீரின் அளவு, கலிங்கின் நீளத்தைப் பொறுத்து நேர் விகிதத்திலும், வழியும் ஆழத்தைப் பொறுத்து அதன் ஒன்றரை அடுக்கிலும் உயர்கிறது. 10 மீட்டர் நீளமுள்ள அகன்ற கலிங்கின் மேல் அரை மீட்டர் ஆழத்தில் நீர் வழிந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 6 கன மீட்டர் வெளியேறும். ஒரு மீட்டர் ஆழத்தில் வழிந்தால் 17 கன மீட்டர். மேற்சொன்ன குளத்தின்மேல் பெய்த மழையை நாள் முழுவதும் சமமாகப் பங்கிட்டால் வினாடிக்கு 11 கன மீட்டர். ஆனால் மழை சமமாகவா பெய்கிறது? அதில் 10 சென்டிமீட்டர் ஒரே மணி நேரத்தில் பெய்தால் அந்த மணிக்கு வினாடிக்கு 28 கன மீட்டர் விழும். அரை மீட்டர் ஆழத்துக்கு மேல் வழிய இடமில்லாத குளத்தில் பத்து மீட்டர்க் கலிங்கு போதாது. ஐம்பது மீட்டர்க் கலிங்கு வேண்டும், அல்லது குளத்தில் அதற்கேற்ற வெற்றிடம் வேண்டும். குழாய்களை நம்பலாமா? குழாய்க்கு ஆழம் கூடினாலும் வெளியேற்றம் மெதுவாகவே கூடும். குப்பையும் சேறும் அதன் வாயை அடைத்துவிடும். பஃபலோ கிரீக்கின் இரண்டடிக் குழாய் அந்தப் பாடத்தை 125 உயிரின் விலையில் கற்பித்துச் சென்றது.

கலிங்கின் தலைப்பை மட்டும் கட்டி முடித்தால் போதுமா? வழிந்த நீர் சரிவில் வேகமெடுத்து இறங்கும். அந்த வேகத்தைத் தாங்கும் கல்தளமும், அடியில் வேகத்தை அடக்கும் தொட்டியும், அங்கிருந்து ஓடை வரை செல்லும் மறுகாலும் இல்லையெனில், கலிங்கே கரையை அரிக்கும் கருவியாகிவிடும். மறுகாலின் மேல் கட்டடம் எழுந்துவிட்டால் கலிங்கு இருந்தும் இல்லாததே. கதவு வைத்த கலிங்கு வேண்டுமா, கதவில்லாத கலிங்கு வேண்டுமா? கதவைத் திறக்க ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும், ஆணை வேண்டும். பெருமழை நள்ளிரவில் இவை மூன்றும் ஒருசேரக் கிடைப்பதற்கு என்ன உறுதி? மூடப்பட்ட சுரங்கத்தின் குளத்துக்குக் காவலாளே இல்லாத காலம் வரும். ஆகவே ஆளில்லாமலே இயங்கும் திறந்த கலிங்கே அதற்கு ஏற்றது.

இப்போது நிற்கும் குளம் ஒன்றின் பாதுகாப்பை மதிப்பிடப் புகுவோர் கணிப்பொறிக்கு முன் அமர்வதற்கு முன்பாகக் கரைமேல் நடக்க வேண்டும். அதுவும் மழையில் நடக்க வேண்டும். கரைத் தலையில் நீளவாக்கில் வெடிப்பு உண்டா? கீழ்ச்சரிவில் ஈரத்திட்டு உண்டா? வடியும் நீர் தெளிவாக வருகிறதா, மண்ணைக் கலக்கிக்கொண்டு வருகிறதா? தெளிந்த கசிவு கரையின் மூச்சு. கலங்கிய கசிவு கரையின் குருதி. நீர்த்தேக்கம் கரையை விட்டுத் தள்ளி நிற்கிறதா, மெர்ரிஸ்புருட்டில் போலக் கரையை ஒட்டி வந்துவிட்டதா? கரைக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் பீசோமீட்டர் குழாய்கள் இயங்குகின்றனவா, அவற்றின் அளவுகளை யாரேனும் வாரந்தோறும் எழுதுகிறார்களா? உடைந்தால் எத்தனை நிமிடத்தில் சேறு எந்த வீட்டை அடையும் என்ற வரைபடம் உண்டா? அந்த வரைபடம் அந்த வீட்டாரிடம் உண்டா?

கணக்கே தவறினால் கரை எவ்வளவு உறுதியாயினும் பயனில்லை என்பதற்குக் குஜராத்தின் மச்சு அணை சான்று. 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் அதன்மேல் வந்த வெள்ளம், வடிவமைத்த வெள்ளத்தை விட ஏறத்தாழ மும்மடங்கு. மோர்பி நகரம் அழிந்தது. அணையை மீளக் கட்டியபோது வழிந்தோடியின் திறன் நான்கு மடங்காக உயர்த்தப்பட்டது. அதே அறிவு ஊர் அழிவதற்கு முன்பே வந்திருக்கலாகாதா? மழையே இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி சான்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அங்கே சாசன் மின்நிலையச் சாம்பல் குளத்தின் கரை உடைந்து ஆறு உயிர்கள் பலியாயின.

சட்டம் காவாதா எனில், 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் பேரணைகளுக்கு ஆய்வையும் பொறுப்பையும் நெருக்கடித் திட்டத்தையும் கட்டாயமாக்கிய நற்சட்டம். ஆயினும் ஆற்றின் குறுக்கேயோ கிளையாற்றின் குறுக்கேயோ நீரைத் தேக்கவும் திருப்பவும் கட்டப்படும் தடுப்பையே அது அணை என்று வரையறுக்கிறது. சமவெளியில் நாற்புறமும் கரை எழுப்பிய சாம்பல் குளம் எந்த ஆற்றின் குறுக்கே நிற்கிறது? வரையறைக்கு வெளியே நிற்பதால் அது ஆபத்துக்கும் வெளியே நின்றுவிடுமா? அணைக்கு உரிய அதே கண்டிப்பு இக்குளங்களுக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும்.

தூத்துக்குடிக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. இக்கரையின் கீழ்ப்புறம் வயலன்று, மன்னார் வளைகுடா. வான் தீவும் காசுவாரித் தீவும் உள்ளிட்ட 21 தீவுகளைக் கொண்டு 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது. முத்துக்குளித்தலால் உலகின் கண்ணில் கொற்கையையும் தூத்துக்குடியையும் நிறுத்திய கடல் அது. பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் ஒட்டி வாழும் முத்துச்சிப்பி, தன் உணவைக் கடல்நீரை வடிகட்டியே பெறுகிறது. நுண்சேறு கலந்த நீரில் அதன் செவுள் அடைபட்டு மூச்சுத் திணறும். 1961ஆம் ஆண்டுக்குப் பின் இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மெலிந்து நிற்கும் அந்தப் பார்களின் மேல் ஒரு கரை உடைந்த சேறும் படியுமானால் அவை மீள எத்தனை காலம் ஆகும்? நிலத்தின் உடைப்பு கடலை எட்டாது என்று யாரும் எண்ண வேண்டா. 2015ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பிரேசிலின் ஃபுந்தாவ் அணை உடைந்து 19 பேரைக் கொன்ற சேறு, 600 கிலோமீட்டருக்கு மேல் தோசி ஆற்றில் பயணம் செய்து, இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடிய காலத்தில் அட்லாண்டிக் கடலைச் செம்மண் நிறமாக்கியது. இங்கோ கரைக்கும் கடலுக்கும் இடையே சில எட்டுத் தொலைவே இருக்கிறது.

ஆகவே இந்த அவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் தெளிவானது. இக்கடற்கரையில் நிற்கும் ஒவ்வொரு சாம்பல் குளமும், ஒவ்வொரு ஜிப்சம் மேடும், ஒவ்வொரு கைவிடப்பட்ட கல்குவாரிக் குளமும் 2023ஆம் ஆண்டின் அந்த 95 சென்டிமீட்டரைக் கொண்டு மீண்டும் கணக்கிடப்பட வேண்டும். காப்புயரம் எவ்வளவு, கலிங்கின் நீளம் எவ்வளவு, மறுகால் எந்த ஓடையில் இறங்குகிறது, உடைந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்ற நான்கு விடைகளும் தமிழில் எழுதப்பட்டு அந்தந்த ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் தொங்க வேண்டும். அதைப் படிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஐப்பசி பிறந்ததும் குளத்தங்கரையில் நின்று கலிங்கையும் மறுகாலையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய உழவரின் பேரப்பிள்ளைகள் இங்கே வாழ்கிறார்கள். ஒரு குளத்தைக் காட்டி, நீருக்கு வழி எங்கே என்று அவர்கள் கேட்கும்போது, கரையை வைத்திருப்பவர் கையை நீட்டிக் காட்ட ஒரு கலிங்கு இருக்க வேண்டும்.